தோகையும் சுக்கையும்: வடவெல்லையிலிருந்து ஒரு மாயக்கதை வாசிப்பு

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தென்னிந்திய மொழிகளில் குழந்தை இலக்கியம் உண்டு, பெரியவர்களுக்கான இலக்கியமும் உண்டு. இடைப்பட்ட வயதினருக்கான மிகுபுனைவு என்ற ஒன்று உருவாகவே இல்லை. அது ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய வகைமை." நான் அப்போது மறுமொழி கூறவில்லை. கையில் தேநீர்க் குவளை இருந்தது, மனத்தில் சான்றுகள் இல்லை. வீடு திரும்பிய பின் அந்தக் கூற்று என்னை விடவில்லை. ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதி முடிக்க வேண்டிய வாரங்களில், ஆய்வுக்குத் தொடர்பில்லாத நூல்களை வரிசையாக வாசித்தேன். நெறியாளர் இந்தப் பதிவைக் காண நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும்.

வாசித்தவை மூன்று. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீ' வரிசையின் முதல் நூல். ரோஷணி சோக்ஷி 2018இல் வெளியிட்ட 'ஆரு ஷா' வரிசையின் முதல் நூல். தாசரி சுப்ரமணியம் தெலுங்கில் எழுதிய 'தோக சுக்க'. முதலிரண்டையும் பலர் அறிவர். மூன்றாவது 1954இல் 'சந்தமாமா' இதழில் தொடராகத் தொடங்கியது. அவ்விதழின் தமிழ் வடிவம்தான் நமது 'அம்புலிமாமா'. பேராசிரியருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இந்த மூன்றாவது நூலில் இருக்கிறது.

முதலில் தலைப்பு. 'தோக' என்பது வால், 'சுக்க' என்பது விண்மீன், இரண்டும் சேர்ந்தால் வால்மீன். தமிழ் வாசகர் இதை அயல்மொழித் தொடராகக் கருத வேண்டியதில்லை. தெலுங்கின் 'தோக' நம் 'தோகை'யின் உடன்பிறப்பு. 'சுக்க' என்பதற்கு இணையான 'சுக்கை' என்னும் சொல் விண்மீன் என்ற பொருளில் நம் நிகண்டுகளில் பதிவாகியுள்ளது. பேச்சிலிருந்து அது மறைந்துவிட்டது. தமிழில் அகராதிக்குள் உறங்கும் சொல்லைச் சித்தூர்ச் சந்தையில் தெலுங்குப் பேச்சில் நாள்தோறும் கேட்கலாம். மொழியியல் முதுகலை வகுப்பில் இனச்சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்தபோது கிட்டாத மகிழ்ச்சி, இந்த அட்டையைக் கண்டபோது கிட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதழின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1947 ஜூலையில் பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளில் இதழைத் தொடங்கினர். பிற மொழிப் பதிப்புகள் பின்னர் சேர்ந்தன. நாகி ரெட்டி கடப்பை மாவட்டத்தவர், சக்ரபாணி தெனாலிக்காரர். விஜயா நிறுவனத்தின் திரைப்படங்களைத் தயாரித்தவர்களும் இவர்களே. 1951இல் 'பாதாள பைரவி' தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தபோது, திரையில் மந்திரவாதிக்கு எத்தகைய வரவேற்பு கிடைக்கும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். அச்சில் மந்திரவாதியை நீண்ட தொடராக இறக்கும் துணிவு அந்த வெற்றிக்குப் பிறகு வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

1952இல் கொடவடிகண்டி குடும்பராவ் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1980இல் மறையும் வரை அதில் இருந்தார். இதழில் ஆசிரியராக அச்சிடப்பட்ட பெயர் சக்ரபாணியுடையது. வந்து சேரும் எழுத்துகள் அனைத்தையும் ஒரே நடையில் திருத்தி எழுதிய கை குடும்பராவுடையது. அவர் இடதுசாரிச் சிந்தனையாளர்; 1970இல் தோன்றிய புரட்சி எழுத்தாளர் சங்கமான 'விரச'த்தின் தொடக்ககால உறுப்பினர். பூதங்களையும் வேதாளங்களையும் மாதந்தோறும் செம்மை செய்து அச்சுக்கு அனுப்பியவர் ஒரு பகுத்தறிவாளர் என்பதைச் சிலர் முரணாகக் காண்கின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அற்புதத்தை நம்பாதவர்தான் அதைக் கதையின் கருவியாகக் கையாள முடியும். நம்புபவர் அதை வணங்கத் தொடங்கிவிடுவார்.

தாசரி சுப்ரமணியமும் அதே 1952இல் இதழில் சேர்ந்தார். 1954 முதல் எழுபதுகளின் இறுதி வரை 'தோக சுக்க', 'மகர தேவத', 'முக்குரு மாந்திரிகுலு', 'கஞ்சு கோட', 'ஜ்வாலா த்வீபம்', 'ராகாசி லோய', 'யக்ஷ பர்வதம்' எனப் பன்னிரண்டு மிகுபுனைவுத் தொடர்களை எழுதினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அலுவலகத்தில் பணியாற்றி, 2010இல் மறைந்தார். தொடர்கள் வெளியான காலத்தில் அவற்றின் கீழ் அவர் பெயர் இல்லை. படங்களின் ஓரத்தில் 'சித்ரா' என்றும் 'சங்கர்' என்றும் கையொப்பம் இருக்கும். எழுத்துக்குக் கையொப்பம் கிடையாது. வீடுதோறும் பேசப்பட்ட கதைகளை யார் எழுதினார் என்பதை அவ்வீட்டார் பல பத்தாண்டுகள் கழித்தே அறிந்தனர்.

தொடர் தொடங்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்ற பூசல் தெருவுக்கு வந்திருந்த காலம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினர். மறுபுறம் 'மதராசு மனதே' முழக்கம் ஒலித்தது. 1911இல் வடார்க்காடு, கடப்பை ஆகியவற்றின் பகுதிகளைக் கொண்டு உருவான சித்தூர் மாவட்டம் அந்த இழுபறியின் நடுவில் கிடந்தது. படாஸ்கரின் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இத்தனை கொந்தளிப்புக்கும் நடுவில் வடபழனியின் ஓர் அச்சகத்தில், ஒரே கதை, ஒரே படங்களுடன், இரு மொழிகளிலும் மாதந்தோறும் அச்சாகிக்கொண்டிருந்தது. படம் வரைந்த சங்கர் தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவில் பிறந்தவர். எழுதியவர்கள் தெனாலி வட்டாரத்தினர். எல்லைப் போராட்ட வரலாறுகளில் இந்த அச்சகத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

'தோக சுக்க' தொடங்கிய அதே 1954இன் ஜூலையில்தான் டோல்கீனின் மோதிரக் கதையின் முதல் பகுதி இலண்டனில் வெளிவந்தது. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அவ்வாண்டே. இவற்றுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லை. காலவரிசையை நினைவில் இருத்த உதவும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். 'இளையோர் இலக்கியம்' என்னும் வகைமையின் தொடக்கமாக அமெரிக்கத் திறனாய்வாளர்கள் சுட்டும் ஹிண்டனின் நாவல் 1967இல் வந்தது. லெ குவினின் நூல்கூட, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஒரு பதிப்பாளர் கேட்டதன் விளைவே. கடன் யார் யாரிடம் வாங்க வேண்டியிருந்தது என்பதைப் பேராசிரியர் மறுபரிசீலனை செய்யலாம்.

இனி நூல்கள். எர்த்சீ என்னை முழுமையாக ஆட்கொண்டது. அங்கே மந்திரம் என்பது பெயரறிதல்: ஒரு பொருளின் உண்மைப் பெயரைத் தொல்மொழியில் அறிந்தவர் அப்பொருளை ஆள்கிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியா, இயல்பா என்ற பழைய வழக்கை ஒரு சிறுவனின் கதையாக மாற்றிவிடுகிறார் லெ குவின். கெட் என்னும் அச்சிறுவன் தன் செருக்கால் தானே அவிழ்த்துவிட்ட நிழலைத் தேடிச் செல்கிறான். எதிரி வெளியில் இல்லை. பதினைந்து வயதில் இந்நூல் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை.

ஆரு ஷாவைப் பற்றி இரு மனம். அட்லாண்டாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஏற்றக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். பாண்டவரின் ஆன்மாக்கள் இம்முறை சிறுமியருள் பிறந்திருக்கின்றன. வேகமும் நகைச்சுவையும் மிக்க நூல். பெண்பிள்ளைகளுக்கு அது தரும் இடம் மதிக்கத்தக்கது. ஆயினும் அது இடைவிடாமல் விளக்குகிறது. இன்னார் இந்தத் தேவர், இது இன்ன ஆயுதம் என்று அறியாத வாசகரை நோக்கியே ஒவ்வொரு பக்கமும் திரும்பி நிற்கிறது. புலம்பெயர் சூழலில் அது தவிர்க்க இயலாதது என்பதை அறிவேன். அறிந்தும், சொந்த வீட்டுக்குள் நுழையும்போது வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்து வாசற்படியைச் சுட்டிக்காட்டுவதுபோல ஒரு கூச்சம் ஏற்பட்டது.

'தோக சுக்க' எதையும் விளக்குவதில்லை. குண்டலினித் தீவின் வானில் வால்மீன் தோன்றுகிறது, நாட்டில் அச்சம் பரவுகிறது, படைத்தலைவன் சமரசேனன் கப்பலேறுகிறான். போய்ச்சேர்ந்த தீவில் ஏகாட்சி, சதுர்நேத்ரன் என்னும் இரு மந்திரவாதிகளின் பகைக்குள் சிக்குகிறான். ஒருவனுக்குக் கண் ஒன்று, மற்றவனுக்கு நான்கு. பெயர்களே அன்மொழித்தொகைகள். கண்ணின் எண்ணிக்கையைச் சொன்னவுடன் உருவம் எழுந்துவிடுகிறது, வருணனைக்கு வேலையில்லை. அந்தத் தீவு எந்த நாட்டில் உள்ளது, எந்த அரசகுலம், எந்த நூற்றாண்டு என்ற வினாக்களுக்கு இடமில்லை. அது ஆந்திரமும் அன்று, தமிழகமும் அன்று. 1954இல் ஒரு நிலப்பரப்பை யாருடையது என்று சொல்லாமல் விடுவது எவ்வளவு அரிய செயல் என்பதை, சித்தூரில் வளர்ந்தவள் என்ற முறையில் நான் சற்றுக் கூடுதலாகவே உணர்கிறேன்.

குறைகளை மறைப்பதற்கில்லை. பெண்கள் இத்தொடரில் ஏறத்தாழ இல்லை. காட்டில் வாழ்வோர் காட்டுமிராண்டிகளாகவே வருகின்றனர். அவர்களுக்கு மொழி இருப்பதாகக்கூட ஆசிரியர் எண்ணவில்லை. சமரசேனன் மாறுவதே இல்லை: முதல் அத்தியாயத்தில் இருந்த வீரனே இறுதியிலும் நிற்கிறான். கெட்டின் நிழலைப்போல உள்ளே திரும்பும் பாதை எதுவும் அவனுக்குத் திறப்பதில்லை. மாதந்தோறும் ஒரு திகிலில் நிறுத்த வேண்டிய தொடரின் இயல்பு ஆபத்துகளை அடுக்குகிறது. நூலாக ஒருமூச்சில் வாசிக்கும்போது களைப்பு வருகிறது. மூன்றில் சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் எர்த்சீ என்பேன். மறுபடி வாசிக்க எதை எடுப்பேன் என்று கேட்டால் விடை வேறு.

அதற்குக் காரணம் தனிப்பட்டது. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். பள்ளியில் முதன்மொழி தெலுங்கு. எழுத்துத் தமிழை எனக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. திருப்பதியில் தாத்தா வீட்டுப் பரணில் எழுபதுகளின் அம்புலிமாமா இதழ்கள், அட்டைகள் கிழிந்து, கோணி ஊசியால் தைக்கப்பட்டு ஐந்தாறு கட்டுகளாக இருந்தன. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் பாட்டி அவற்றை இறக்கித் தருவார். முதலில் படம் பார்த்தேன். பின்னர், வகுப்பில் தெலுங்குப் பதிப்பை ஒரு தோழி கொண்டுவந்தபோது, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்துக்கூட்டினேன். வினையெச்சங்கள் சங்கிலியாகத் தொடர்ந்து இறுதியில் முற்று வரும். 'அனி' வரும் இடத்தில் 'என்று' வரும். 'டு' என்று முடியும் ஆண்பாற் பெயர் 'ன்' என்று முடியும். வரிசையைக் கலைக்காமலே ஒரு வாக்கியத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடந்துவிடலாம். ஒப்பிலக்கணம் என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்கு எட்டாண்டுகள் முன்பே அதைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

அந்தத் தமிழ் யாருடைய தமிழும் அன்று. அரசனும் விறகுவெட்டியும் பூதமும் ஒரே எழுத்து வழக்கில் உரையாடுவர். வட்டாரமோ சாதியோ அவர்களின் பேச்சில் தெரியாது. இதைச் செயற்கை நடை என்று பழிப்போர் உண்டு. தஞ்சையிலோ நெல்லையிலோ வளர்ந்த வாசகருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. எங்கள் பேச்சுக்கோ அச்சில் எங்குமே இடமில்லை. பிறருடைய வட்டார வழக்கில் எழுதப்பட்ட சிறுவர் கதைகள் எனக்கு இரட்டை அந்நியம். எல்லோரிடமிருந்தும் சம தொலைவில் நின்ற அந்த நடை என்னிடமிருந்தும் அதே தொலைவில்தான் நின்றது. சித்தூர்த் தமிழ்க் குழந்தை ஒன்று, மதுரைக் குழந்தைக்குச் சமமாகத் தொடங்கக்கூடிய ஒரே ஓட்டக்களம் அது.

வேதாளத்தைக் குறிப்பிடாமல் விட இயலாது. பதினொன்றாம் நூற்றாண்டில் காசுமீரத்து அரசி சூரியவதிக்காகச் சோமதேவர் தொகுத்த கதைக்கடலில் வேதாளக் கதைகள் இருபத்தைந்து. தமிழிலும் அவை நெடுங்காலம் வழங்கின. பாபிங்டன் தமிழ் 'வேதாளக் கதை'யை ஆங்கிலத்தில் பெயர்த்து 1831இல் வெளியிட்டார். மூலத்தில் இறுதிப் புதிருக்கு அரசனால் விடை கூற முடிவதில்லை. அவன் மௌனமாகிறான், மௌனமானதால் வேதாளம் அவன்பால் இரங்கி, துறவியின் சூழ்ச்சியை வெளிப்படுத்துகிறது, கதை முடிகிறது. இதழ் செய்த மாற்றம் சிறியது, விளைவு பெரியது: அவர்களின் விக்கிரமனுக்கு எப்போதும் விடை தெரியும். விடை தெரிவதால் வாய் திறக்கிறான், வாய் திறப்பதால் வேதாளம் மரமேறுகிறது, அடுத்த மாதம் அடுத்த கதை. இருபத்தைந்து கதைகளின் சட்டகத்துக்குள் நூற்றுக்கணக்கான புதிய கதைகள் புகுந்தன. வாளும் பிணமுமாக விக்கிரமன் நடக்கும் சங்கரின் ஓவியம் மாதந்தோறும் அதே இடத்தில் நின்றது. 1998இல் தொழிலாளர் சிக்கலால் இதழ் நின்று, மீண்டும் வெளிவந்து, 2007இல் கைமாறி, 2013இல் அடியோடு நின்றுபோனது. விக்கிரமன் மௌனமாகும் அந்த ஓர் இரவு மட்டும் அச்சேறவில்லை. சங்கர் 2020இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஓவியர்களுக்குத் தாமதமாகவேனும் பெயர் கிடைத்தது. தாசரியாருக்கு, அவருடைய தொடர்கள் அண்மை ஆண்டுகளில் தெலுங்கில் நூல்வடிவம் பெற்றதால், அட்டையில் பெயர் வந்திருக்கிறது. இவ்விருவருக்கும் இடையில் நின்ற மூன்றாமவர் எங்கே? தெலுங்குக் கைப்படியை எடுத்து, அதே மாதம், அதே பக்க அளவுக்குள், படத்துக்குப் பொருந்தும்படி தமிழாக்கியவர்களைச் சொல்கிறேன். பல தலைமுறைக் குழந்தைகள் எழுத்துத் தமிழுக்குள் நுழைந்த வாசல்களுள் ஒன்று அவர்கள் அமைத்தது. நம் மொழிபெயர்ப்பு வரலாறுகள் வங்க நாவல்களையும் உருசிய நாவல்களையும் தமிழாக்கியோரைப் போற்றுகின்றன, அது தகும். தெலுங்கிலிருந்து மாதந்தோறும் அறுபதாண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்த பெயர்ப்பைப் பற்றி அவை பேசுவதில்லை. சிறுவர் இதழ் என்பதாலா, தெலுங்கிலிருந்து என்பதாலா? இரண்டும் காரணம் என்றே நான் கருதுகிறேன். வேங்கடத்தை வட எல்லையாகக் குறிக்கும் தொல்காப்பியப் பாயிரத்தை மேடைதோறும் நினைவுகூரும் நாம், அந்த மலையின் மறுபக்கத்து மொழியிலிருந்து நமக்குள் என்ன வந்தது என்பதைக் கணக்கிடத் தயங்குகிறோம். எல்லை என்றதும் அதைக் கடந்தவை மறந்துவிடுகின்றன.

கணக்கைப் பழங்காலத்துக்கு நீட்டினாலும் நிலைமை இதுதான். குணாட்டியரின் பெருங்கதை பைசாச மொழியில் இருந்ததாக மரபு கூறுகிறது. கொங்குவேளிர் அதைத் தமிழாக்கினார். பல்லவர் காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் பத்து இளவரசர் கதை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் கேதனரால் தெலுங்கில் பாடப்பட்டது. இளைஞர்கள் வீடு நீங்கி, மந்திரவாதிகளையும் யட்சர்களையும் எதிர்கொண்டு, வேறொருவராகத் திரும்பும் கதைகள் காஞ்சிக்கும் கிருட்டிணைக்கும் இடையில் ஆயிரமாண்டுகளாக மொழி மாறி மாறிப் பயணம் செய்திருக்கின்றன. 'தோக சுக்க' அந்தப் பாதையில் அச்சு எந்திரத்தோடு வந்தது, அவ்வளவே.

எனவே, ஐயா, நீங்கள் இதை வாசிக்க நேர்ந்தால்: வகைமை உருவாகவில்லை என்பது பிழை. வகைமைக்கான பெயர் நம்மிடம் இல்லை, எழுதியோரின் பெயர் அச்சிடப்படவில்லை, வாசித்தோர் வளர்ந்தபின் அதைப் பற்றி எழுத நாணினர். இந்த மூன்றும் சேர்ந்து இல்லாமையைப் போலத் தோற்றமளிக்கின்றன. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், தேநீர் ஆறியிருக்கும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் கட்டுகளில் எழுபதுகளுக்கு முந்தைய இதழ்கள் இல்லை. 1954, 1955ஆம் ஆண்டுகளின் தமிழ் அம்புலிமாமாவைத் தேடிவருகிறேன். தெலுங்கு மூலத்தோடு பத்தி பத்தியாக ஒப்பிட வேண்டும். சித்தூர், புத்தூர், நகரி, திருத்தணி, ஆர்க்காடு வட்டாரங்களில் யார் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், அட்டை இல்லாவிட்டாலும், நடுப்பக்கங்கள் போயிருந்தாலும், ஒரு சொல் தெரிவியுங்கள். நானே வந்து, அங்கேயே அமர்ந்து படியெடுத்துக்கொள்கிறேன். அந்த அலுவலகத்தின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றிய எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அதை முதலில் தெரிவியுங்கள்.